அன்சாக் பிஸ்கட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்பர்னில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஏப்ரல் மாதம் பிறந்தால் ஒரு சுற்றறிக்கை வந்துவிடும்: வகுப்பில் அன்சாக் பிஸ்கட் செய்யப்போகிறோம், அல்லது வீட்டில் செய்து அனுப்புங்கள். அதையொட்டி உறவினரும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

அன்சாக் என்பது கம்பெனிப் பெயரா? இந்த பிஸ்கட்டில் என்னதான் இருக்கிறது?

கம்பெனிப் பெயர் அன்று. முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படையும் நியூசிலாந்துப் படையும் சேர்ந்து அமைந்த படைப்பிரிவுடைய ஆங்கிலப் பெயரின் தலைப்பெழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் வருவதே 'அன்சாக்'. அந்தப் படை 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிப்பொலி தீபகற்பத்தில் கரையிறங்கியது. பல மாதங்கள் நீடித்த அந்தப் போரில் 8000க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியரும் 2700க்கும் மேற்பட்ட நியூசிலாந்தினரும் உயிரிழந்தனர். 1916 முதல் அந்தத் தேதி இரு நாடுகளிலும் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பிஸ்கட்டில் இருப்பவை ஓட்ஸ், கோதுமை மைதா, உலர்ந்த தேங்காய்த்துருவல், சர்க்கரை, வெண்ணெய், கோல்டன் சிரப், சமையல் சோடா, கொஞ்சம் கொதிநீர் ஆகியவை மட்டுமே. முட்டை கிடையாது, வாசனைப் பொருள் எதுவும் கிடையாது.

கலிப்பொலியில் சிப்பாய்கள் சாப்பிட்டது இதைத்தானே?

இல்லை. பலரும் நம்பும் பிழை இது. போர்முனையில் வழங்கப்பட்டது 'ஹார்ட்டாக்' எனப்படும் படை ரொட்டி. மாவையும் நீரையும் பிசைந்து, ஈரம் முழுவதும் போகும்வரை சுட்டெடுத்த அந்தச் சதுர வில்லை, மாதக்கணக்கில் கெடாது. பல்லுக்கும் எளிதில் மசியாது. சிப்பாய்கள் அதை 'அன்சாக் ஓடு' என்று கேலியாக அழைத்தார்கள், தரையில் பதிக்கும் ஓட்டைச் சுட்டி. அதைத் துருவிப் பொடித்து நீரில் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தவர்கள் உண்டு. அதன் மேலேயே மையால் எழுதி ஊருக்குக் கடிதமாக அனுப்பியவர்களும் உண்டு. அப்படி எழுதப்பட்ட வில்லைகள் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. நூறு ஆண்டு கடந்தும் உடையாத ரொட்டி எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் 'அன்சாக்' என்ற சொல் ஒட்டிக்கொண்டதே குழப்பத்துக்குக் காரணம்.

அப்படியானால் வீட்டுப் பெண்கள் செய்து போர்முனைக்கு அனுப்பினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பொய்யா?

முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லப்படும் விதத்தில் அது நடக்கவில்லை. போர்க்காலத்தில் வீடுகளிலிருந்து உணவுப் பொட்டலங்கள் கப்பலில் போனது உண்மை. ஓட்ஸ் சேர்த்து, முட்டை சேர்க்காமல் சுட்ட பிஸ்கட்டுகள் நீண்ட கடற்பயணத்தைத் தாங்கக்கூடியவை என்பதும் உண்மை. எனினும் அத்தகைய பிஸ்கட்டுகள் பெருமளவில் விற்கப்பட்டதும் உண்ணப்பட்டதும் உள்ளூரிலேதான். போர் நிதி திரட்டுவதற்காக ஊர்தோறும் நடந்த சந்தைகளிலும் விழாக்களிலும் பெண்கள் அவற்றைச் செய்து விற்றார்கள்.

அதற்கும் மேலாக, இன்று நாம் உண்ணும் பிஸ்கட்டுக்கு 'அன்சாக்' என்ற பெயர் அச்சில் ஒட்டியது போர் முடிந்த பிறகுதான். ஆகவே இதைப் பதுங்குகுழியின் உணவு என்பதைவிட, பதுங்குகுழிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருந்த வீடுகளின் உணவு என்று சொல்வதே பொருத்தம். பிள்ளைகளுக்கும் இப்படியே சொல்லிக்கொடுக்கலாம். கதையின் கனம் இதனால் குறையாது.

முதலில் செய்தது ஆஸ்திரேலியாவா, நியூசிலாந்தா? இங்கே இரண்டு பேரும் சண்டை போடுகிறார்களே?

பெயரையும் பொருளையும் பிரித்துப் பார்த்தால் சண்டை பாதி தணிந்துவிடும். 1917இல் சிட்னியில் வெளியான ஒரு போர் நிதிச் சமையல் நூலில் 'அன்சாக் பிஸ்கட்' என்ற தலைப்பில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஆனால் அது முட்டை சேர்த்த முற்றிலும் வேறு பண்டம். இன்றைய பிஸ்கட்டை ஒத்த ஒன்று அதே நூலில் 'ஓட்ஸ் பிஸ்கட்' என்ற சாதாரணப் பெயரோடு வேறு பக்கத்தில் இருக்கிறது. பெயர் ஓரிடத்தில், பிஸ்கட் வேறிடத்தில்.

இவ்விரண்டும் ஒன்றுசேரும் மிகப் பழைய அச்சுச் சான்றுகளில் ஒன்று நியூசிலாந்தின் டனீடன் நகரில் ஒரு தேவாலயத்தார் வெளியிட்ட சமையல் நூல். அதன் 1921ஆம் ஆண்டுப் பதிப்பில் 'அன்சாக் கிரிஸ்பீஸ்' என்ற பெயரில் இந்தக் குறிப்பு உள்ளது. டனீடன் 1848இல் ஸ்காட்லாந்துக் குடியேறிகள் அமைத்த ஊர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஓட்ஸ் ஸ்காட்லாந்து மக்களின் அன்றாடத் தானியம். நமக்குக் கேழ்வரகும் கம்பும் எப்படியோ அப்படி. அவர்கள் போன இடமெல்லாம் ஓட்ஸ் ரொட்டியும் போனது. ஒருவர் ஒரு நாளில் கண்டுபிடித்த பண்டமாக இதைக் கருதுவதைவிட, குடியேறிய வீடுகளில் ஏற்கெனவே புழங்கிய ஓட்ஸ் பிஸ்கட்டுக்குப் போரின் துயரம் ஒரு பெயரைக் கொடுத்தது என்று கருதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தேங்காய் எப்படி உள்ளே வந்தது? குளிர்நாட்டில் ஏது தென்னை?

தொடக்கக் குறிப்புகளில் தேங்காய் இல்லை. மேலே சொன்ன 1921ஆம் ஆண்டுக் குறிப்பிலும் இல்லை. சில ஆண்டுகள் கழித்தே, 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும், தேங்காய் சேர்த்த குறிப்புகள் பரவின. அதன்பின் தேங்காயில்லாத அன்சாக் பிஸ்கட்டை நினைத்துப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

சேர்க்கப்படுவது நம் வீட்டில் துருவும் ஈரத்துருவல் அன்று. ஆலையில் துருவி உலர்த்திப் பெட்டியில் அடைத்த வெண்துருவல். இந்தத் தொழில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையில் வேரூன்றியது. அத்தீவு நெடுங்காலம் உலகச் சந்தைக்கு உலர்துருவல் வழங்கிய முதன்மை நாடுகளில் ஒன்றாக இருந்தது. தென்னையைக் கண்ணால் காணாத ஊர்களிலும் தேங்காய்ப் பலகாரம் பெருகியதற்கு இந்த உலர்த்தும் முறையே காரணம். வீட்டில் செய்யும்போது ஈரத்துருவலைப் போட்டால் பிஸ்கட் பரவி நமத்துப்போகும்; வேறு வழியில்லையென்றால் வாணலியில் நிறம் மாறாமல் ஈரம் போக வறட்டி ஆறவைத்துப் பயன்படுத்தலாம்.

நாங்கள் சைவம். முட்டை, மாட்டுக்கொழுப்பு ஏதாவது சேர்ப்பார்களா?

மரபான முறையில் முட்டை இல்லை. போர்க்காலத்தில் முட்டை அரிதாக இருந்ததும், முட்டையில்லாத பண்டம் கூடுதல் நாள் தாங்கும் என்பதும் இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள். மாவைப் பிணைக்கும் வேலையை இதில் கோல்டன் சிரப் செய்கிறது.

கொழுப்பாக வெண்ணெய் சேர்ப்பதே வழக்கம். வெண்ணெய் கட்டுபடியாகாத காலங்களில் உருக்கிய மாட்டுக்கொழுப்பைச் சில வீடுகளில் பயன்படுத்தியதுண்டு. இன்று அது வழக்கத்தில் இல்லை. ஆயினும் கடையில் வாங்குவதானால் பொட்டலத்தின் பின்புறம் உள்ள பொருட்பட்டியலை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. பாலும் வேண்டாம் என்பவர்கள் வெண்ணெய்க்கு ஈடாகத் தாவர மார்ஜரின் சேர்த்தால் போதும். வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

கோல்டன் சிரப் என்பது தேன் மாதிரியா? அதற்குப் பதில் வெல்லப்பாகு ஊற்றலாமா?

நிறத்திலும் ஓட்டத்திலும் தேனைப் போல இருக்கும். ஆனால் தேனீக்கு அதில் பங்கில்லை. கரும்புச் சர்க்கரையைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் பாகு அது. 1880களில் லண்டனில் ஏப்ரம் லைல் என்பவரின் ஆலையிலிருந்து விற்பனைக்கு வந்து, பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளின் சமையலறைகளில் இடம்பிடித்தது. அதிலுள்ள சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்திருப்பதால் பாகு எளிதில் பூத்துப்போகாது. பிஸ்கட்டுக்கு இழுவையான மென்மையையும் அது தருகிறது.

வெல்லப்பாகு ஊற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். சுவை நன்றாகவே இருந்தது, கடலைமிட்டாயை நினைவூட்டியது. ஆனால் வெல்லப்பாகு ஆறும்போது மீண்டும் கெட்டிப்படும் இயல்புள்ளதாகையால் பிஸ்கட் சற்றுக் கடினமாகும். தேன் சேர்த்தால் விரைவில் கருகும். வெப்பத்தைக் குறைக்க வேண்டும்.

நம் வீட்டு ஓவனில் செய்ய அளவு சொல்லுங்கள். எங்கள் வீட்டில் போன முறை ஒரே தட்டாகப் பரவி ஒட்டிக்கொண்டது.

சுமார் 30 பிஸ்கட்டுக்கு: ஓட்ஸ் 100 கிராம், மைதா 150 கிராம், உலர்ந்த தேங்காய்த்துருவல் 80 கிராம், சர்க்கரை 150 கிராம், வெண்ணெய் 125 கிராம், கோல்டன் சிரப் 55 கிராம், சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, கொதிநீர் 30 மில்லி. உலர்ந்த பொருள்களைக் கலந்து வைத்து, வெண்ணெயையும் பாகையும் ஒன்றாக உருக்கி, கொதிநீரில் கரைத்த சோடாவை அதில் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். அது பொங்கும்போதே மாவில் கொட்டிக் கிளற வேண்டும். சிறு உருண்டைகளாகப் பிடித்து, இடைவெளி விட்டுத் தட்டில் வைத்து, லேசாக அழுத்தி, 160 முதல் 170 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் சுட வேண்டும்.

தட்டாகப் பரவியதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்று, ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி. மற்றப் பல நாடுகளில், நியூசிலாந்து உட்பட, அது 15 மில்லி. கரண்டிக் கணக்கை நாடு பார்க்காமல் பின்பற்றினால் பாகு கூடிவிடும். அதனால்தான் மேலே கிராமில் கொடுத்தேன். மற்றொன்று, உடனடி ஓட்ஸ் பயன்படுத்துவது. அது குழைந்து மாவோடு மாவாகிவிடும். தட்டையான முழு ஓட்ஸ்தான் வேண்டும். மசாலா கலந்த ஓட்ஸ் பொட்டலத்தைப் பிரித்துப் போட்ட நண்பர் ஒருவரும் இருக்கிறார். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

எனக்கு மொறுமொறுப்பாக வேண்டும், பிள்ளைகள் மெதுவாகக் கேட்கிறார்கள். எது சரியான பதம்?

இரண்டும் சரியே. இங்குள்ள குடும்பங்களே இதில் இரண்டு கட்சியாக நிற்கின்றன. குறைந்த வெப்பத்தில் கூடுதல் நேரம் சுட்டால் மொறுமொறுப்பு. ஓரங்கள் பொன்னிறமானதும் எடுத்துவிட்டால் மென்மை. வெளியே எடுத்தவுடன் எல்லாமே மெதுவாகத்தான் இருக்கும். ஆறிய பிறகே பதம் தெரியும். ஈரக்காற்று புகாத டப்பாவில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும்.

ஒரு பிஸ்கட்டில் எவ்வளவு கலோரி?

மேலே கொடுத்த அளவைக் கொண்டு, பொருள்களின் வழக்கமான சத்துமதிப்பை வைத்து நான் கணக்கிட்டது இது. மொத்தக் கலவையில் ஏறக்குறைய 3100 கிலோ கலோரி. முப்பதாகப் பிரித்தால் பிஸ்கட் ஒன்றுக்குச் சுமார் 105. அதில் கொழுப்பு ஏறத்தாழ 5.5 கிராம், அதற்குள் நிறைவுற்ற கொழுப்பு (கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தும் வகை) 3.7 கிராம், சர்க்கரை 6.5 முதல் 7 கிராம், புரதம் ஒரு கிராமுக்குச் சற்று மேல், நார்ச்சத்து ஒரு கிராமுக்குச் சற்றுக் கீழ். கடைகளில் விற்கும் உள்ளங்கை அகல பிஸ்கட் இதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிது என்பதால் அதற்கேற்பப் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

கலோரி எங்கிருந்து வருகிறது என்பதே பலரையும் வியப்பில் ஆழ்த்தும். வெண்ணெயும், சர்க்கரையும் பாகும் சேர்ந்து பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. மைதாவும் தேங்காயும் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. பெயரில் முன்நிற்கும் ஓட்ஸின் பங்கு எட்டில் ஒன்றுதான்.

ஓட்ஸ் இருக்கிறதே, கொலஸ்ட்ரால் குறையும் அல்லவா? டாக்டரே ஓட்ஸ் சாப்பிடச் சொன்னார்.

டாக்டர் சொன்னது ஓட்ஸ் கஞ்சியைப் பற்றியதாக இருக்கும். ஓட்ஸில் உள்ள பீட்டா குளூக்கன் என்னும் கரையும் நார்ச்சத்து குடலில் கூழ்போலப் படர்ந்து, பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுகிறது. அவற்றை ஈடுகட்ட ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்வதால் அதன் அளவு குறைகிறது. இது நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஆனால் அதற்கு நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் தேவை.

100 கிராம் ஓட்ஸில் அது சுமார் 4 கிராம் இருக்கும். நம் கலவையிலுள்ள 100 கிராமை முப்பது பிஸ்கட்டுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 0.13 கிராம். ஆக 3 கிராமை எட்ட 22 பிஸ்கட்டுக்கு மேல் உண்ண வேண்டும். அதோடு 2300 கிலோ கலோரியும் 80 கிராம் நிறைவுற்ற கொழுப்பும் வந்து சேரும். மருந்தைவிட நோய் பெரிதாகிவிடும். முக்கால் கிண்ணம் ஓட்ஸைக் கஞ்சியாக உண்பவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

தேங்காய்க் கொழுப்பு நல்ல கொழுப்பு என்கிறார்களே?

தேங்காயில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மை. எந்தத் தாவர உணவிலும் அது பொருட்படுத்தும் அளவில் இருப்பதில்லை. ஆனால் தேங்காய்க் கொழுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அதில் பாதியளவு லாரிக் அமிலம். அது 'நல்ல' கொலஸ்ட்ராலோடு 'கெட்ட' கொலஸ்ட்ராலையும் உயர்த்துகிறது. தேங்காயோடு வளர்ந்த நமக்கு இதைக் கேட்கப் பிடிக்காது, எனக்கும் பிடிப்பதில்லை. ஆனாலும் தேங்காய்த்துருவல் எண்ணெயைப் போன்றதன்று, கணிசமான நார்ச்சத்தும் அதோடு வருகிறது. இந்த பிஸ்கட்டின் நார்ச்சத்தில் பாதி தேங்காயிலிருந்து வருவதே.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். ஒன்றாவது கொடுக்கலாமா?

மேலே கணக்கிட்ட சிறிய பிஸ்கட் ஒன்றில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து சுமார் 12 கிராம் இருக்கும். அன்றைய உணவுக் கணக்கில் அதைச் சேர்த்துக்கொண்டு ஒன்று உண்பது பலருக்கும் இயலக்கூடியதே. எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவரோ உணவியலாளரோதான் சொல்ல வேண்டும். ஓட்ஸ் இருப்பதால் சர்க்கரை ஏறாது என்று எண்ணி நான்கைந்து உண்பதே ஆபத்து. கோல்டன் சிரப்பும் வெல்லமும் இந்த வகையில் வெள்ளைச் சர்க்கரைக்கு உறவுகளே.

சர்க்கரையை 150 கிராமிலிருந்து 100 கிராமாகக் குறைத்தால் பிஸ்கட் கெடாது. சற்றுக் குறைவாகப் பரவும், நிறம் கொஞ்சம் வெளிறும். அதற்கும் கீழே போனால் பிஸ்கட்டுக்குரிய முறிவு போய்விடும். வெண்ணெயைக் குறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், மாவு உதிர்ந்துவிடும். அளவு குறைய வேண்டுமானால் உருண்டையைச் சிறிதாக்குவதே எளிய வழி.

என் மகளின் தோழிக்குக் குளூட்டன் ஒத்துக்கொள்ளாது. மைதாவை எடுத்துவிட்டு ஓட்ஸ் மாவு போட்டால் சரியாகிவிடும்தானே?

சரியாகாது. குளூட்டன் என்பது கோதுமையிலும் பார்லியிலும் உள்ள புரதம். ஓட்ஸ் விளைந்து ஆலைக்கு வரும் வழியில் கோதுமையோடும் பார்லியோடும் கலந்துவிடுவது ஒரு சிக்கல். அதைத் தனியே விளைவித்துச் சுத்தமாக அரைத்தாலும், ஓட்ஸின் சொந்தப் புரதமான அவெனின், குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாளிகள் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. இதனால்தான் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓட்ஸ் சேர்ந்த எந்தப் பண்டத்தையும் 'குளூட்டன் இல்லாதது' என்று முத்திரையிட்டு விற்க உணவு விதிகள் இடம் தருவதில்லை. வேறு நாடுகளில் விதி வேறாக இருக்கலாம். அந்தக் குழந்தையின் பெற்றோரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

சங்க விழாவில் சாக்லேட் சேர்த்து 'அன்சாக் குக்கீ' என்று விற்கலாமா?

வீட்டில் எதையும் சேர்த்துக்கொள்ளலாம்; விற்கும்போதுதான் பெயர் சட்டத்துக்குள் வருகிறது. ஆஸ்திரேலியாவில் 1921 முதல் 'அன்சாக்' என்ற சொல்லைக் காக்கும் விதிகள் நடைமுறையில் உள்ளன. முன்னாள் படைவீரர் நலத்துறை அவற்றைக் கவனிக்கிறது. நியூசிலாந்திலும் இதே போன்ற பாதுகாப்பு உண்டு. பிஸ்கட்டுக்கு இந்தப் பெயரைப் பயன்படுத்த அத்துறை பொதுவாக இசைகிறது, இரண்டு நிபந்தனைகளோடு: மரபான செய்முறையையும் வடிவத்தையும் ஒத்திருக்க வேண்டும், 'குக்கீ' என்று அழைக்கக் கூடாது. சாக்லேட்டும் பாதாமும் சேர்த்தால் மரபான செய்முறையாக ஏற்கப்படுவதில்லை.

எனவே சாக்லேட் சேர்த்ததை 'ஓட்ஸ் தேங்காய் பிஸ்கட்' என்று எழுதி விற்றுவிடுங்கள். வெல்லப்பாகு ஊற்றியதற்கும் இதையே சொல்வேன்.

எல்லாம் சரி, நமக்கும் இந்தப் போருக்கும் என்ன சம்பந்தம்?

நாம் நினைப்பதைவிடக் கூடுதல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள்மீது குண்டு வீசிய எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். அந்தக் கப்பலை நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே அடித்து முடக்கியது 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல். பின்னாளில் அன்சாக் என்று பெயர் பெற்ற வீரர்களின் முதல் அணியைச் சுமந்துகொண்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனியிலிருந்து நவம்பர் 1 அன்று கிளம்பிய கப்பல் தொடருக்குக் காவலாக வந்திருந்ததே அது. அந்தத் தொடர் பிறகு கொழும்பில் நின்று, எகிப்து நோக்கிச் சென்றது.

கலிப்பொலியிலும் இந்தியர்கள் இருந்தார்கள். சீக்கியரும் கூர்க்காக்களும் போரிட்டார்கள். கோவேறு கழுதைப் படையினர் குண்டு மழைக்கிடையே நீரும் வெடிபொருளும் ஏற்றிச் சென்றார்கள். இரண்டாம் கேள்வியில் சொன்ன அந்த 'ஓட்டை'க் கடித்துச் சலித்த ஆஸ்திரேலியச் சிப்பாய்கள், தகர டப்பா இறைச்சியையும் படை ரொட்டியையும் வைத்துவிட்டு, இந்தியர்களின் அடுப்பருகே சூடான சப்பாத்திக்காகப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.